தப்பாய் வெட்டிய பட்டை

அத்தியாயம் 14

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு மருமகள் எழுந்து போனாள் அல்லவா, அதற்கு அந்த வீட்டில் இரண்டு பேர் இரண்டு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மாமனார் கண்டுபிடித்தது: தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் லாரியை விலைபேசிவிட்டாரே என்று கோபம். மாமியார் கண்டுபிடித்தது: அதே கோபம்தான், ஆனால் முழுக்க நியாயமான கோபம்.

இரண்டுமே தப்பு. வெங்காயம் வதங்கும் வாசனை அவளுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், பாலம் கட்டும் வேலையில் இருந்துகொண்டு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிற அவள் புருஷனுக்குத் தெரியும். வீட்டோடு இருக்கும் இரண்டு பேருக்கும் தெரியாது.

பெற்றவர்களிடம் மறைப்பதா என்று சிலர் என்னைத் திட்டிக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது மூன்றாவது தடவை. முதல் குழந்தை எட்டாவது வாரத்தில் போயிற்று, இரண்டாவது ஒன்பதாவது வாரத்தில். அந்த இரண்டாவது தடவை, செய்தி காதில் விழுந்த மறுநாளே மாமனார் டயர் கடை, டீசல் பங்க், எடை மேடை, எதிர்வீடு என்று ஒரு இடம் விடாமல் சொல்லிவிட்டு வந்தார். பிறகு அத்தனை இடத்துக்கும் போய் "இல்லை" என்று சொன்னவள் மாமியார். அதைப் பார்த்தபிறகுதான் சின்னவர்கள் இருவரும் தீர்மானம் செய்தார்கள், மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று.

இன்று எழுபத்தொன்றாவது நாள். இவ்வளவு தூரம் இதற்குமுன் வந்ததில்லை. வியாழக்கிழமை ஸ்கேன்.

புகை கூடாது, கனம் தூக்கக் கூடாது, நெருப்பு வேலை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் தொழிலோ வெல்டிங். பட்டறை முதலாளியிடம் கண் எரிச்சல் என்று சொல்லி, அளவெடுக்கும் மேசைக்கு மாறி உட்கார்ந்து நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். பட்டறையில் சமாளித்துவிட்டாள். இன்று லீவு போட்டுவிட்டு இருந்த வீட்டில்தான் வசமாக மாட்டிக்கொண்டாள்.

---

வீட்டை ஒட்டிய காலி மனையில் லாரி நின்றது. நாளைக் காலை ஏழு மணிக்கு வாங்குகிறவர் வந்து ஓட்டிக்கொண்டு நேராகச் சோதனை அலுவலகம் போவார். கம்பெனியிலிருந்து வந்தபோது வண்டி எப்படி இருந்ததோ அப்படி இருந்தால்தான் அங்கே பேர் மாற்றித் தருவார்கள். பிற்பாடு ஒட்டவைத்த சாமான் ஒன்று இருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த லாரியில் ஏழு இருந்தன. ஏழும் மருமகள் கைவேலை.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளிடம் என்ன பேசுவது என்று மாமனாருக்குத் தெரியவில்லை. "சாப்பிட்டியாம்மா" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடது முட்டியைப் பிடித்தபடி அவர் லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே அவள் கதவுக்குக் கீழே ஒரு படி வைத்து வெல்டிங் பண்ணிக் கொடுத்தாள். அவர் நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். "உயரம் சரியா இருக்கு" என்றார்.

அடுத்த வாரம் அவரே வந்தார். பக்கவாட்டில் சாமான் பெட்டி ஒன்று வைத்தால் நன்றாக இருக்கும். அதற்கடுத்து மேலே ஏற ஒரு ஏணி. முன்னால் ஒரு பாதுகாப்புக் கம்பி. கயிறு மாட்டக் கொக்கிகள், கண்ணாடிக்கு ஒரு தாங்கி. பின்பக்கம் தண்ணீர் டிரம் வைக்க ஒரு ஸ்டாண்டு. இதெல்லாம் தேவையா என்றால் பாதி தேவையே இல்லை. மருமகளிடம் பேச அவருக்கு ஒரு விஷயம் வேண்டியிருந்தது. போகிற இடமெல்லாம் வண்டியைச் சுற்றிக் காட்டி, "மருமக வேலை" என்பார்.

அந்த மனுஷன்தான் இன்று காலையில் டீ கிளாசைக் கழுவி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"வெல்டரம்மா, ஆரம்பிக்கலாமா? நீ வெச்சத நீயே எடுத்தாதான் தழும்பு தெரியாம வரும்."

அவள் இதற்காகவே இரண்டு நாளாகத் தயாராகியிருந்தாள். அப்படியும் நாக்கு புரளவில்லை.

"நான் எடுக்கல மாமா. பட்டறையில இருந்து ஒருத்தர வரச் சொல்றேன்."

"வெளி ஆள் எதுக்கு? அரை நாள் வேலை."

"எனக்குக் கண் எரிச்சல்."

"கண் எரிச்சலா, என் மேல எரிச்சலா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த மாமியார் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் பிரிவு அவளுடையது. தைத்ததைப் பிரிப்பதும் பிரித்ததைத் தைப்பதும் அவளுக்குத் தினப்படி வேலை.

"ஏங்க, கேக்காம விலை பேசினது நீங்க. இப்ப அவளே வந்து வெட்டியும் குடுக்கணுமா? கொஞ்சமாவது இது இருக்கா உங்களுக்கு?"

"என் வண்டி. நான் வித்தேன்."

"வண்டி உங்களுது. அதுல ஒட்டியிருக்கறதெல்லாம் யாருது?"

மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு, போகிறபோக்கில் மருமகளிடம் சொன்னாள்.

"நீ ஒண்ணும் செய்யாத. அவரே வெட்டட்டும். அப்பதான் புரியும்."

பாவம், தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

---

பட்டறைக்குப் போன் செய்தால், வெல்டர்கள் எல்லாரும் வெளியூரில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குச் சட்டம் நிறுத்தப் போயிருக்கிறார்களாம். நாளை மத்தியானம்தான் வருவார்களாம். மாமனாருக்கு அது போதும்.

"நானே வெட்டறேன். முப்பத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு ஒரு இரும்ப வெட்டத் தெரியாதா?"

தெரியாது. ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது? வாடகைக்கு ஒரு கிரைண்டர் எடுத்து வந்தார். அவள் ஜன்னல் பக்கம் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். டீசல் டேங்க் பக்கமே போகாதீர்கள், அங்கே நான் எதுவும் வைத்ததில்லை. எல்லாவற்றுக்கும் "தெரியும், தெரியும்" என்றார்.

"வெட்டற இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுத் தரவா மாமா?"

"எதுக்கு? நீ வெச்சது எனக்குத் தெரியாதா? கண்ண மூடிக்கிட்டுத் தடவிச் சொல்லுவேன்."

கிரைண்டர் சத்தம் போட்டது. பெயின்ட் எரிந்த புகை காற்றோடு நேராக ஜன்னலுக்கு வந்தது. அவள் அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள்.

அதை அவர் பார்த்தார். என்ன நினைத்திருப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, குனிந்து வெட்ட ஆரம்பித்தார்.

உள்ளே அவள் நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்குக் காதும் ஒரு கண்தான். மெல்லிய தகடு என்றால் ஒரு கூச்சல், தடித்த கம்பி என்றால் வேறொன்று. இப்போது ஏணி. இப்போது கொக்கிகள். படியை வெட்டும்போது இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தி வெட்டினார். கைவலியா, மனசுக் கஷ்டமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆசையாகச் செய்த வேலை.

ஆறு முடிந்தது. ஏழாவது அந்த டிரம் ஸ்டாண்டு. சத்தம் எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் அங்கே இவ்வளவு இரும்பு வைக்கவில்லையே என்று நினைத்தாள். எழுந்து வாசல்வரை வந்திருப்பாள், டமார் என்று ஏதோ விழுந்தது.

---

மாமனார் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அருகில் பின்பக்க மட்கார்டு, தவறி விழுந்த தாம்பாளம்போல் கவிழ்ந்து கிடந்தது.

"அடி பட்டுச்சா மாமா?"

"இல்ல. ஓரமாத்தான் விழுந்துச்சு."

"எத வெட்டினீங்க?"

"டிரம் ஸ்டாண்டத்தான்."

"டிரம் ஸ்டாண்டு அங்கயே இருக்கே."

அவர் திரும்பிப் பார்த்தார். ஸ்டாண்டு ஆடாமல் அசையாமல் இருந்தது. வெட்டுப்பட்டது அதற்குப் பக்கத்தில் மட்கார்டைத் தாங்கிக்கொண்டிருந்த பட்டை. கம்பெனியிலேயே வைத்து அனுப்பியது. வண்டியோடு பிறந்தது.

"ரெண்டு பட்டை இருந்துச்சும்மா" என்றார் மெதுவாக. "ஒண்ணுல வெல்டிங் நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணுல சேற வாரி அப்பின மாதிரி இருந்துச்சு. அழகா இருக்கறது கம்பெனி வேலைன்னு நினைச்சேன்."

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. லாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து நாளாக அந்த வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு. அவர் முகத்திலும் அசடு வழிந்தது, அவரும் சிரித்தார்.

"உங்க அத்தைக்குத் தெரிய வேணாம்" என்றார் சிரிப்பு அடங்கியதும். "நான் ரொம்ப சீரியஸா சொல்றேன். என் வண்டி என் வண்டின்னு முப்பத்தெட்டு வருஷம் பீத்திக்கிட்டு, கடைசி நாள்ல எது வண்டி, எது ஒட்டுன்னு தெரியலன்னா, நான் கண்ண மூடற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. கடையில இருக்கற அத்தனை பேருக்கும் சொல்லுவா."

"சொல்லல மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அஞ்சு நிமிஷ வேலை. நீ ஒட்டிக் குடுத்துடு. அவ வர்றதுக்குள்ள பெயின்ட் அடிச்சிடலாம்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அது நின்ற விதத்தை அவர் கவனித்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் பேசியதை அப்படியே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தலைமுறை ஆம்பிளைகள் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தைகள் இல்லை.

"என்ன மன்னிச்சிரும்மா. கேட்டிருக்கணும். கேட்டா நீ வேணாம்னு சொல்லுவியோன்னு பயம். நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னால வித்திருக்க முடியாது. முட்டி போயிருச்சு, கிளட்ச் மிதிக்க முடியல. அத உன்கிட்ட ஒத்துக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் கேக்கல. கோபத்த நாளைக்கு வெச்சுக்கோ. இன்னைக்கு இத மட்டும் ஒட்டிக் குடு."

இதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? அவள் விறுவிறுவென்று வெல்டிங் மிஷின் இருந்த ஷெட்டுக்குப் போனாள். மிஷினை அவர் இழுத்து வந்தார். அவள் கையுறையை மாட்டினாள். முகமூடியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம்தானே என்று அவள் நினைத்ததை நான் மறைக்கப்போவதில்லை. திறந்த வெளி, நல்ல காற்று, ஒரு சாண் நீள வெல்டிங். யாருக்கும் தெரியப்போவதில்லை, புருஷனோடு பேசிவைத்ததும் உடையாது. ஆனால் போன தடவையும் இப்படித்தான் ஒரு கேட் கீலை ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துபோயிற்று. அதனால் இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். சொன்னால் மனசு கேட்கிறதா?

முகமூடியைக் கழற்றினாள்.

"மாமா, எழுபத்தொரு நாள் ஆச்சு."

"எதுக்கு?"

அவள் பேசவில்லை.

"எதுக்கும்மா எழுபத்தொரு நாள்? இன்சூரன்ஸுக்கா?"

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார், சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு நொண்டிக்கொண்டே ஷெட்டுக்குப் போய் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பி வந்து அவள் கையிலிருந்த முகமூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள்ளிருந்து நாற்காலியை எடுத்து வந்து, விரலை நனைத்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, மனையின் அந்தக் கோடியில் போட்டார்.

"அங்க போய் உக்காரு மொதல்ல."

அவள் போய் உட்கார்ந்தாள். அவர் எதிரில் நின்றார். உட்கார அவருக்கு நாற்காலி இல்லை.

"யார் யாருக்குத் தெரியும்?"

"உங்க பையனுக்கு. இப்ப உங்களுக்கு. தொண்ணூறு நாள் வரைக்கும் யாருக்கும் சொல்றதில்லைன்னு பேசியிருந்தோம்."

"சரியாத்தான் பேசியிருக்கீங்க." லாரிப் பக்கம் திரும்பினார். "போன தடவை நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். அப்புறம் உங்க அத்தை ஒவ்வொரு இடமா இறங்கிப் போயி இல்லைன்னு சொன்னா. நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போனேன். ஒரு இடத்துலயும் நான் இறங்கலம்மா. ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவளுக்கு இது தெரியாது. கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப கோபம் இல்லையா?"

"எதுக்குக் கோபம்? வித்தது நல்லதுதான் மாமா. உங்க முட்டி படற பாட்ட நான் பாக்கலையா?"

"அப்ப பத்து நாளா நான் தூக்கமில்லாம புரண்டதெல்லாம் வீணா?"

"வீண்தான்."

இருவரும் அழுதார்கள் என்று எழுதினால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார். புகை கண்ணில் பட்டது என்பார். கிரைண்டர் நின்று அரை மணி நேரமாகிவிட்டது.

---

பட்டையை மறுபடி ஒட்டியாக வேண்டும். யார் ஒட்டுவது?

"நீ சொல்லு, நான் பண்றேன்" என்றார் மாமனார்.

அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. வீட்டில் இருப்பது ஒரே முகமூடி. ஆகவே அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, லாரிக்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இடையில் இருபது அடி. காது மட்டும் லாரிப் பக்கம்.

"பெயின்ட்ட நல்லா சுரண்டிட்டீங்களா?"

"வெள்ளையா பளபளன்னு இருக்கு."

"எர்த் கிளிப் மாட்டியாச்சா? பட்டைய கம்பியால கட்டியாச்சா?"

"எல்லாம் ஆச்சு டீச்சர்."

"முகமூடிய எறக்கிட்டு, ராடைத் தீக்குச்சி உரசற மாதிரி உரசுங்க. குத்தாதீங்க."

சிர்ரென்று ஒரு சத்தம், உடனே ஒரு உறுமல்.

"ஒட்டிக்கிச்சும்மா."

"குத்தியிருக்கீங்க. அப்படியே முறுக்கி இழுங்க, வந்துரும்."

வந்தது. மறுபடி உரசினார். மறுபடி ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது தடவை எரிய ஆரம்பித்தது.

"டப டபன்னு வெடிக்குது மாமா. தூரமா புடிச்சிருக்கீங்க. கிட்ட போங்க."

"போனேன்."

"இப்ப சத்தம் அமுங்குது. ரொம்ப கிட்ட. நூலளவு தூக்குங்க."

"நீ திரும்பிப் பாக்கறியா?"

"இல்ல. சட்டியில பொரியற மாதிரி ஒரே சீரா வரணும். மூச்ச அடக்காதீங்க, கை ஆடும்."

"நான் மூச்ச அடக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அடக்குவாங்க."

நடுநடுவே அணைந்தது, திட்டினார், மறுபடி உரசினார். திடீரென்று நாலைந்து விநாடி, அந்தச் சரியான சத்தம் வந்தது. விட்டுவிட்டு வராமல், தடுக்காமல்.

"அதான்" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "அதான் மாமா. அப்படியே இழுங்க. அப்படியே."

அப்படியே இழுத்தார்.

முடிந்தபின் புகை போகும்வரை அவளைக் கிட்டே வரவிடவில்லை. வந்து பார்த்தாள். இரும்பின்மேல் கம்பளிப்பூச்சி ஒன்று குடித்துவிட்டு நடந்ததுபோல் இருந்தது. சுத்தியால் கசடைத் தட்டச் சொன்னாள். பட்டையை அவரை இழுத்துப் பார்க்கச் சொன்னாள். அசையவில்லை.

"மட்கார்டத் தாங்கும். ஆனா நாளைக்கு வாங்கறவர்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லாம இருப்பேனா? இது என் வேலைன்னு சொல்லுவேன்."

டிரம் ஸ்டாண்டை இந்தத் தடவை அவள் சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் வெட்டினார்.

---

ஆறு மணிக்கு மாமியார் வந்தாள். பை தோளில் இருக்க, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ஏழு இடத்திலும் கறுப்புப் பெயின்ட் ஈரமாக மின்னியது. எட்டாவது இடத்தில் நின்றாள்.

"இது என்ன?"

மாமனார் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எது?"

"இந்தப் பட்டை. மத்ததெல்லாம் பிரிச்ச இடம். இது புதுசா தைச்ச இடம். கோணல் மாணலா இருக்கு." தைத்ததற்கும் பிரித்ததற்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேர் கண்ணும் சிவந்திருக்கு. என்ன நடந்துச்சு இங்க? உண்மையச் சொல்லுங்க."

மாமனாரின் வாயைப் பற்றி மருமகளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வாயில் ஒரு செய்தி ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அவர் வாயைத் திறந்தார்.

"தப்பா வெட்டிட்டேன்" என்றார்.

"எத?"

"மட்கார்டு பட்டைய. கம்பெனி வெச்சது எது, மருமக வெச்சது எதுன்னு எனக்குத் தெரியல. அழகா இருந்தது கம்பெனி வேலைன்னு நினைச்சு, கம்பெனி வேலைய வெட்டிட்டேன். மட்கார்டு கழண்டு விழுந்துச்சு. முப்பத்தெட்டு வருஷம் ஓட்டின வண்டி. போதுமா? சிரிச்சுக்கோ."

மாமியார் சிரித்தாள். லாரியில் கையை ஊன்றிக்கொண்டு, பையைக் கீழே போட்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "கண்ண மூடிக்கிட்டுத் தடவிச் சொல்ற ஆளாச்சே" என்றாள். நாளைக்குக் கடையில் முதல் வேலை இதுதான் என்றாள். அவர் தலையைத் தாழ்த்தி, அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

எதை மறைக்கச் சொல்லிக் கெஞ்சினாரோ அதைத் தானே எடுத்து நீட்டிவிட்டார். மருமகள் அவரைப் பார்த்தாள். தன்னைப் பெற்ற அப்பாவிடம்கூட அவளுக்கு இவ்வளவு பிரியம் வந்ததில்லை. இதை அவள் பிற்பாடு புருஷனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது சரி, இத யாரு ஒட்டினது?"

"நான்தான்" என்றார்.

"நீங்களா? வீட்ல வெல்டர் இருக்கும்போது நீங்க எதுக்கு ஒட்டினீங்க?"

"அவளுக்குக் கண் எரிச்சல்னு..."

"கோபத்துல வெட்ட மாட்டேன்னு சொன்னா, சரி, அது ஒரு நியாயம். வெட்டத் தெரியாம வெட்டிட்டு நீங்க முழிச்சுக்கிட்டு நிக்கும்போது ஒட்டிக்கூடக் குடுக்க மாட்டாளா? அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்லையே."

சொல்லிக்கொண்டே மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நீ ஏன் ஒட்டல?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். மாமனார் தூரிகையை மறுபடி முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். மாமியார் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அத்தை, நான் வந்து..."

"வேணாம்." கையை உயர்த்தித் தடுத்தாள். "சொல்லாத."

"இல்ல அத்தை, உங்ககிட்ட..."

"நான் எதுவும் கேக்கல. நீ எதுவும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சா நான் ஆசைப்பட ஆரம்பிச்சிருவேம்மா. என்னால இன்னொரு தடவை முடியாது."

குரல் உடைந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நாலடி நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

மருமகளின் முழங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மனையிலிருந்து வாசல்வரை பாதை சமமாக, காய்ந்து, ஒரு கல்கூட இல்லாமல் கிடந்தது. அதில் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்து, அவளை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே போனாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது."